படிக்காமலே நயம் பாராட்டும் கலை

கவிதையை ரசிக்க வேண்டுமென்றால் முதலில் அதைப் படித்தாக வேண்டும் என்றொரு மூடநம்பிக்கை உலகமெங்கும் நெடுங்காலமாக இருந்துவந்தது. அதை வேரோடு பிடுங்கி எறிந்த பெருமை நம்மூர் ஆங்கில வகுப்பையே சேரும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம், அது முன்பின் பார்த்திராத நாலு வரி ஆங்கிலக் கவிதையைக் கொடுங்கள். பொருள் சொல்லாதீர்கள். யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று எதையும் சொல்லாதீர்கள். ரைமிங் வேர்ட்ஸ், ரைம் ஸ்கீம், அலிட்டரேஷன், ஃபிகர் ஆஃப் ஸ்பீச் என நான்கையும் மளமளவென்று எடுத்து எழுதி, அடியில் ஸ்கெட்ச் பேனாவால் கோடும் போட்டு நீட்டிவிடும். கவிதை எதைப் பற்றியது என்று கேட்டுவிட்டீர்களானால் உங்களை ஏற இறங்கப் பார்க்கும். வினாத்தாளில் இல்லாததைக் கேட்கிற ஆளை வேறெப்படிப் பார்ப்பது?

இந்த வித்தைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘போயம் அப்ரிசியேஷன்’. தமிழில் நயம் பாராட்டல். 100 மதிப்பெண் தாளில் இதற்கென்று 5 மதிப்பெண் இருக்கிறது. நாலு வரியை அச்சிட்டு, கீழே நாலு துணைக் கேள்வி. கவிதையின் பொருள் தெரிந்தால்தான் விடை எழுத முடியும் என்கிற நெருக்கடி எதுவும் இல்லாதபடி அவ்வளவு கவனமாக அமைத்திருக்கிறார்கள். மாணவர் மீது இத்தனை கருணை கொண்ட பாடத்திட்டம் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்தக் கருணையின் உச்சம் சூத்திரங்கள். அரிஸ்டாட்டில் தொடங்கி தண்டியாசிரியர் வரைக்கும் உவமைக்கும் உருவகத்துக்கும் வேறுபாடு சொல்லப் பக்கம் பக்கமாக எழுதிப் பாடுபட்டார்கள். நம் வகுப்பறை அதை ஒரே மூச்சில் முடித்துவிட்டது: “லைக், ஆஸ் வந்தா சிமிலி. வராட்டி மெட்டஃபர். உயிரில்லாதது பேசுனா பெர்சானிஃபிகேஷன். ஒரே எழுத்துல ஆரம்பிச்சா அலிட்டரேஷன். எழுதிக்கோங்க, அவ்வளவுதான் லெசன்.” இதைவிடச் சுருக்கமாகத் தொல்காப்பியரால்கூடச் சொல்லியிருக்க முடியாது.

சூத்திரத்தின் வலிமை எத்தகையதென்றால், “எனக்கு மாம்பழம் பிடிக்கும்” என்கிற ஆங்கில வாக்கியத்திலும் ‘லைக்’ வருகிறது. ஆகவே அதுவும் சிமிலி. “மழை பெய்ததால் நான் வரவில்லை” என்பதில் ‘ஆஸ்’ வருகிறது, அதுவும் சிமிலி. உவமேயம் எங்கே, உவமானம் எங்கே, இரண்டுக்கும் பொதுவான தன்மை எங்கே என்றெல்லாம் பழைய ஆட்கள் தேடிக்கொண்டு திரிவார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த அலைச்சல் கிடையாது. ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தின் பெயரில் ‘ஆஸ்’, ‘லைக்’ இரண்டுமே இருக்கின்றன. சூத்திரப்படி அது இரட்டைச் சிமிலி. நானூறு வருடமாக ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் இது படாமல் போனதுதான் ஆச்சரியம்.

அடுத்தது, காதுக்குக் கிடைத்த விடுதலை. ரைம் என்பது ஓசை சம்பந்தப்பட்டது, வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும் என்று வெள்ளைக்காரன் நம்பிக்கொண்டிருந்தான். வாய்விட்டுப் படித்தால் பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு, போர்ஷனும் முடியாது. ஆகவே நாம் ரைமைக் கண்ணுக்கு மாற்றிவிட்டோம். வரியின் கடைசி எழுத்துகளைப் பார்; ஒன்றாக இருந்தால் ‘ஏ ஏ’, வேறாக இருந்தால் ‘ஏ பி’. இந்த முறையில் ‘ஹோம்’ என்பதும் ‘கம்’ என்பதும் அருமையான ரைம். கடைசி மூன்று எழுத்தும் அச்சு அசலாக ஒன்று. ‘ஹை’யும் ‘ஸ்கை’யும் ரைம் ஆகாது, ஒன்று ‘எச்’சில் முடிகிறது, மற்றது ‘ஒய்’யில் முடிகிறது. காது என்ன சொல்கிறது என்று யாரும் அதைக் கேட்பதில்லை.

அலிட்டரேஷனிலும் இதே நேர்மை. ‘கேட்’டும் ‘சிட்டி’யும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கின்றன, எடுத்து எழுது, ஒரு மதிப்பெண். ‘கிங்’கும் ‘நைஃப்’பும் அப்படித்தான், ‘கே’ அங்கே வாய் திறக்காமல் ஊமையாக நிற்கிறது என்பது அதன் சொந்தப் பிரச்சினை. ‘நைஃப்’பும் ‘நோஸ்’ஸும் உண்மையிலேயே ஒரே ஓசையில் தொடங்கும் ஜோடி. எழுத்து வேறாகிவிட்டதால் அந்த ஜோடியைப் பிரித்தே வைத்திருக்கிறோம். சினிமாப் பாட்டில் எதுகை ஒரு மாத்திரை தட்டினாலும் கண்டுபிடித்துச் சிரிக்கிற பிள்ளைகள்தான் இவர்கள். ஆங்கில வகுப்புக்கு வரும்போது அந்தக் காதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரும் ஒழுக்கம் அவர்களுக்குப் பழகிவிட்டது. மோனையும் அலிட்டரேஷனும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று யாராவது சொல்லித்தொலைத்திருந்தால், இரண்டாம் பீரியடில் தமிழய்யா நடத்தியதை நாலாம் பீரியடில் புதிதாக மனப்பாடம் செய்கிற வாய்ப்பு பறிபோயிருக்கும். நல்லவேளை, இரண்டு ஆசிரியர்களும் அவரவர் வேலியைத் தாண்டுவதில்லை.

இந்த முறை கவிதைகளை எவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றுகிறது என்பதற்குப் பாடப்புத்தகத்திலிருந்தே சில சான்றுகள் சொல்லலாம்.

பத்தாம் வகுப்பில் ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘த சீக்ரெட் ஆஃப் த மெஷின்ஸ்’ இருக்கிறது. 1911இல், பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓர் இங்கிலாந்து வரலாற்றுப் புத்தகத்துக்காக அவர் எழுதியது. அதில் இயந்திரங்களே எழுந்து பேசுகின்றன. எங்கிருந்து பிறந்தோம், என்னென்ன செய்வோம் என்று பெருமையடித்துக்கொண்டே வந்து, எங்களிடம் அன்போ இரக்கமோ எதிர்பார்க்காதீர்கள் என்று எச்சரிக்கின்றன. மனிதக் குரலைக் கடன்வாங்கி, மனித நெஞ்சம் எங்களுக்குக் கிடையாது என்று சொல்ல வைத்தாரே, அங்கேதான் கிப்ளிங்கின் சாமர்த்தியம் இருக்கிறது. அந்தக் குரலைக் கேட்டு லேசாக முதுகு சில்லிட வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு அப்படி எந்த ஆபத்தும் நேர்வதில்லை. ‘பெர்சானிஃபிகேஷன்’ என்று ஒற்றை வார்த்தை எழுதி, எழுத்துப்பிழை இல்லாமல் முடித்து, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். இயந்திரம் ஏன் பேச வேண்டும், பேசி ஏன் இப்படிச் சொல்ல வேண்டும் என்பது எந்தக் கைடிலும் இல்லை, பாடத்தின் முடிவில் உள்ள ‘புக் பேக்’ கேள்விகளிலும் இல்லை, பாடத்துக்குள்ளிருந்து கேட்கும் ‘இன்டீரியர்’ கேள்விகளிலும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் தோரு தத்தின் ‘அவர் கேசுவரீனா ட்ரீ’. கல்கத்தாவில் பிறந்து 1877இல், 21 வயதில் இறந்துபோன பெண் அவர். அண்ணனும் அக்காவும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். மூவரும் சேர்ந்து விளையாடிய தோட்டத்துச் சவுக்கு மரத்தை நினைத்து எழுதிய கவிதை அது. தொடக்கத்திலேயே ஒரு கொடி, மலைப்பாம்பு மாதிரி மரத்தைச் சுற்றி நெரிக்கிறது. வேறு மரமானால் பட்டுப்போயிருக்கும்; இந்த மரமோ அந்தக் கொடியையே ஒரு துண்டுபோலத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது. நெரிக்கிற ஒன்றையே அணிந்துகொண்டு வாழ்கிற அந்த மரத்தைப் பார்த்தவர்களுக்கு, உடன்பிறந்த இருவரையும் பறிகொடுத்த அந்தப் பெண்ணும் கண்ணில் படுவாள். பன்னிரண்டாம் வகுப்பில், அதுவும் பொதுத்தேர்வு வருடத்தில், இந்த மாதிரித் துக்க வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புவது நியாயமா? ‘லைக்’ தென்படுகிறது, மலைப்பாம்பு, சிமிலி, ஒரு மதிப்பெண். வாசலிலேயே நின்று திரும்பி வந்துவிடலாம்.

அதே வகுப்பில்தான், முன்பு சொன்ன ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்திலிருந்து எடுத்த ‘ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்’ வருகிறது. உலகமே நாடக மேடை என்பது மெட்டஃபர், மனித வாழ்க்கையின் ஏழு பருவங்களைப் பட்டியலிடுக, முடிந்தது. இதைச் சொல்பவன் ஜேக்வீஸ் என்கிற சோகப் பேர்வழி, எதைப் பார்த்தாலும் கசந்து பேசுகிறவன், அவன் சொல்வதெல்லாம் ஷேக்ஸ்பியரின் தீர்ப்பு அல்ல என்பதெல்லாம் தேவையற்ற விவரம். அதைவிடத் தேவையற்ற விவரம் ஒன்று உண்டு. பல்லும் போய், பார்வையும் போய், எல்லாம் போய், ஒன்றுக்கும் உதவாமல் முடிவதுதான் முதுமை என்று ஜேக்வீஸ் பேசி முடித்த அடுத்த நொடியில், மேடைக்குள் ஆர்லாண்டோ நுழைகிறான். அவன் சுமந்து வருவது ஆதாம் என்கிற கிழவரை. இளைஞனுக்காகத் தன் சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு, அவனோடு காட்டுக்கு நடந்தே வந்த வேலைக்காரர். ஜேக்வீஸ் வாயால் சொன்ன முதுமையை, ஆதாம் வாய் திறக்கும் முன்பே பொய்யாக்குகிறார். ஐரனி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது. ஆகவேதான் நம் புத்தகம் அந்த இடத்துக்குச் சற்று முன்பாகவே கத்தரித்து நிறுத்திவிட்டது. ஐரனிக்கு விளக்கம் கைடில் தனியாக இருக்கிறது: “சொல்வது ஒன்று, கருதுவது வேறொன்று.” மனப்பாடம் செய்தால் போதும், கண்ணால் பார்த்துக் கெட்டுப்போக வேண்டியதில்லை.

உரைநடைப் பாடங்கள் மட்டும் குறைந்தவையா? பத்தாம் வகுப்பில் ஜேம்ஸ் தர்பரின் ‘த நைட் த கோஸ்ட் காட் இன்’. அமெரிக்காவின் பெரிய நகைச்சுவை எழுத்தாளர். 1933இல் வந்த அவருடைய புத்தகத்தில் உள்ள கதை. நள்ளிரவில் கீழே காலடிச் சத்தம். திருடனா பேயா தெரியவில்லை. போலீசுக்குச் சொல்லச் சொல்லி, அம்மா ஒரு ஷூவை எடுத்துப் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து வீசுகிறாள். கண்ணாடி தூள். போலீஸ் வருகிறது. மாடியில் இருக்கும் தாத்தா, வந்தவர்களை உள்நாட்டுப் போரில் ஓடிப்போன படைவீரர்கள் என்று நினைத்து, ஒரு போலீஸ்காரர் தோளில் சுட்டேவிடுகிறார்.

இந்தப் பாடம் நடக்கும் வகுப்பு ஒன்றை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஷூ பறந்தது. கண்ணாடி உடைந்தது. அறுபது பிள்ளைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. இரண்டாவது பெஞ்சில் ஒரு சிறுவனுக்கு மட்டும் உதடு லேசாகக் கோணியது. “டேய், என்ன சிரிப்பு? அதை அண்டர்லைன் பண்ணு, ஃபைவ் மார்க்ல வரும்” என்றார் ஆசிரியர். உதடு நேரானது; ஸ்கேலை வைத்துக் கோடு போட்டான். கரும்பலகையில் ‘ஹியூமர்’ என்று எழுதியிருந்தது. அதன் இலக்கணம் மூன்று வரி. தர்பர் அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்திருந்தால் அசந்துபோயிருப்பார்.

ரசனை இப்படி. எழுத்துப் பயிற்சியில் நம் சாதனை இதையும் விஞ்சியது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1512இல் ‘டே கோப்பியா’ என்றொரு புத்தகம் போட்டார். ஐரோப்பியப் பள்ளிகளில் வெகுகாலம் பாடப்புத்தகமாக இருந்தது. “உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது” என்கிற ஒரே வாக்கியத்தை லத்தீனில் நூற்றுக்கும் மேற்பட்ட விதமாக மாற்றி மாற்றி எழுதிக் காட்டியிருப்பார். உவமையாக ஒன்று, உருவகமாக ஒன்று, மிகைப்படுத்தி ஒன்று, குறைத்துச் சொல்லி ஒன்று. அணியின் பெயரைக் கற்ற மாணவன் அன்று மாலையே அதை வைத்து ஒரு வாக்கியம் செய்தாக வேண்டும். என்ன ஒரு கால விரயம்! நமக்கு ஒரே கடிதம் போதும். நலம், நலமறிய ஆவல். தேர்வுக்கு நன்றாகப் படிக்கிறேன். பெற்றோருக்கு என் வணக்கம். அனுப்புபவர் எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஊர் ஒய் ஒய் ஒய். வெள்ளத்துக்கு வாழ்த்து எழுதினாலும் திருமணத்துக்கு ஆறுதல் எழுதினாலும் உறைமேல் முகவரியைக் கட்டம் கட்டி எழுதியிருந்தால் மதிப்பெண் நிச்சயம். பெயரும் ஊரும் இல்லாத ஒருவர், பெயரும் ஊரும் இல்லாத இன்னொருவருக்கு, சொல்ல ஒன்றுமில்லாமல் எழுதும் கடிதம்! உள்நோக்கமற்ற எழுத்து என்றால் இதுவல்லவா!

படம் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதச் சொல்வார்கள். அதற்கும் தயார் நிலையில் ஐந்து இருக்கின்றன. இது ஒரு அழகான படம். படத்தில் பலர் இருக்கிறார்கள். இயற்கையை நாம் பாதுகாக்க வேண்டும். படம் நல்ல கருத்தைச் சொல்கிறது. எனக்கு இந்தப் படம் மிகவும் பிடித்திருக்கிறது. படம் தலைகீழாக அச்சாகியிருந்தாலும் விடை தலைகீழாகாது.

இவை எல்லாவற்றுக்கும் மகுடம் வைத்தாற்போல ஒரு கண்டுபிடிப்பு: மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான ‘காமன் பாராகிராஃப்’. எல்லாக் கவிதைக்கும் ஒரே பத்தி. கவிஞர் இந்தக் கவிதையில் வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறார், எளிய சொற்களைப் பயன்படுத்துகிறார், கவிதை அழகானது, நல்ல நீதியைப் போதிக்கிறது. தலைப்பையும் கவிஞர் பெயரையும் கோடிட்ட இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். தோரு தத்தின் சவுக்கு மரமும் கிப்ளிங்கின் இயந்திரமும் ஷேக்ஸ்பியரின் மேடையும் இந்த ஒரே பத்திக்குள் சண்டை சச்சரவில்லாமல் குடியிருக்கின்றன. இதைப் படித்துத் தேர்ச்சி பெற்ற பிள்ளை, தான் மெல்லக் கற்பவன் என்று அறிவிக்கப்பட்டதற்காக வருந்தத் தேவையில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளை நாலு பக்கம் எழுதுவதும் இதே பத்தியைத்தான், கொஞ்சம் சரிகை வைத்து.

இத்தனைக்கும் எழுதும் ஆசை பிள்ளைகளுக்கு இல்லாமல் இல்லை என்பது கவலைக்குரியது. சந்தேகமிருந்தால் கடைசி பெஞ்சின் மரப்பலகையைப் பாருங்கள். கணக்கு வாத்தியார் புல்லட்டில் வரும் சத்தத்தை ஒருவன் இடியோடு ஒப்பிட்டிருப்பான். மத்தியானச் சாம்பாரில் பருப்பைத் தேட முத்துக்குளிக்க வேண்டும் என்று இன்னொருவன் செதுக்கியிருப்பான். உவமையும் உயர்வு நவிற்சியும் காம்பஸ் முனையில் தாமாகவே பிறக்கின்றன. இந்தப் போக்கிரித்தனத்தை அடக்கி, அதே பையனிடமிருந்து ‘ஹைப்பர்போலி’ என்பதன் சரியான ஸ்பெல்லிங்கை வாங்கிவிடுகிறோமே, அது சாதாரண வேலையா? பெஞ்சைக் கிறுக்கியதற்கு அபராதம் தனி.

ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டுப் பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. இங்கே வேல்களெல்லாம் நெய் பூசி, மயில்பீலி சூட்டி, மாலையிட்டு, காவலோடு பளபளவென்று இருக்கின்றன. எங்கள் அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். தொண்டைமானுக்கு இதைக் கேட்க எவ்வளவு குளிர்ச்சியாக இருந்திருக்கும்! நம் பிள்ளைகளின் கொட்டிலும் அப்படித்தான். சிமிலி, மெட்டஃபர், ஆக்சிமோரான், ஓனோமட்டோபியா என வரிசையாக, தூசு படாமல், பீலி கலையாமல் நிற்கின்றன. ஒன்றின் முனையாவது மழுங்கியிருக்க வேண்டுமே! எராஸ்மஸ் பள்ளிப் பையன்களின் அணிகள்தான் பாவம், நாள்தோறும் உலைக்களத்துக்குப் போய்வந்தன.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்பவர்கள் ஒரு கணக்கை மறக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவோர் மட்டுமே ஏறத்தாழ 9 லட்சம் பேர். விடைத்தாள் திருத்தும் கேம்ப்பில் வெயிலில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு ஒரு கட்டுத் தாள், ஒரு கீ ஆன்சர், ஒரு சிவப்புப் பேனா. “அந்தக் கொடி மரத்தை நெரிப்பதைப் படித்தபோது எங்கள் ஆச்சி நினைவு வந்தது” என்று ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதிவைத்தால் அதற்கு எத்தனை மதிப்பெண் போடுவார்? ஒன்றா, ஒன்றரையா? சங்கம் கேள்வி கேட்கும். பெற்றோர் மறுகூட்டலுக்குப் போவார்கள். ‘சிமிலி’ என்றால் சிமிலி. சரி அல்லது தப்பு. அடுத்த தாள். சமத்துவம், வேகம், வெளிப்படைத்தன்மை மூன்றும் ஒருங்கே அமைந்த இலக்கிய விமர்சனம் இதுதான். துக்கத்துக்கு விடைக்குறிப்பு தயாரிக்க முடியாத காரணத்தால்தான் துக்கத்தைப் பாடத்திலிருந்து நாசூக்காக விலக்கிவைத்திருக்கிறோம். போர்ஷனை முடிக்கச் சொல்லி மேலிருந்து, சென்டம் எத்தனை என்று பக்கத்திலிருந்து, மார்க் ஏன் குறைந்தது என்று கீழிருந்து கேள்வி வரும்போது, ஆசிரியர் மட்டும் மரத்தடியில் கவிதை வாசித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

இந்த விதை பள்ளியோடு பட்டுப்போவதும் இல்லை. பி.ஏ. இங்கிலீஷ் சேர்ந்ததும் அதே சிமிலி, அதே மெட்டஃபர், வரையறையில் நாலு வரி கூடுதலாக மறுபடி எதிர்ப்படும். எம்.எச்.ஏப்ரம்ஸ் 1957இல் வெளியிட்ட ‘எ கிளாசரி ஆஃப் லிட்டரரி டெர்ம்ஸ்’ இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் சிறுசிறு கட்டுரையாக, இந்தக் கவிதையைப் பார், அந்த நாடகத்தைப் பார் என்று வாசகனைப் புத்தகம் புத்தகமாக விரட்டுகிற நூல். நம்மவர்கள் அந்த விரட்டலுக்கு மசியவில்லை. உதாரணங்களை உதிர்த்துவிட்டு வரையறையை மட்டும் எடுத்து, ‘பொருத்துக’வாக மாற்றி, நெட் தேர்வு வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். அதில் வென்றவர் ஆசிரியராகி வகுப்புக்குள் நுழைந்து சாக்பீஸை எடுக்கிறார்: “லைக், ஆஸ் வந்தா சிமிலி.” குருகுல மரபு அறுந்துவிட்டது என்று யார் சொன்னது?

இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. பாடப்புத்தகத்தில் கவிதைகளை ஏன் இன்னும் முழுதாக அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்? கேள்விக்கு வருவது நாலு வரி. மெமரி போயத்துக்கு வருவது குறிப்பிட்ட சில வரிகள். மற்ற வரிகள் யாருக்கும் பயன்படாமல் காகிதத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டு, அணியின் பெயர், வரி எண், மதிப்பெண் என்று ஓர் அட்டவணை போட்டுவிட்டால் புத்தகப் பையின் பாரம் குறையும், மரங்களும் மிஞ்சும். சவுக்கு மரம் உட்பட.

முழுக் கவிதையும் புத்தகத்தில் இருப்பதில் ஓர் அபாயமும் உண்டு. மழைக்காலத்தில் என்றாவது ஆசிரியர் வராத பீரியடில், வேறு வேலையில்லாத ஒரு பிள்ளை கவிதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்துவிடக்கூடும். மறுநாள் கையைத் தூக்கி, “மிஸ், பாம்பு மாதிரின்னு எதுக்கு மிஸ் சொன்னாங்க?” என்று கேட்டும் விடலாம். பதற வேண்டாம். அதற்கும் கைடில் விடை இருக்கிறது: கவிதைக்கு அழகு சேர்ப்பதற்காக. எந்த அணிக்கும் எந்தக் கவிதைக்கும் பொருந்தும், இரண்டு மதிப்பெண். “என்ன அழகு மிஸ்?” என்று அந்தப் பிள்ளை அதோடு நிற்காமல் கேட்டால் மட்டும், அது போர்ஷனில் இல்லை என்று சொல்லி உட்காரவைத்துவிடலாம்.